பெங்களூரு கழிவுநீர், ஓசூர் நுரை: சராசரி எண் எதை மறைக்கிறது?

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெள்ளை நுரை பொங்கி வரும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீர், தென்பெண்ணையில் கலந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறது. டிடர்ஜென்ட் கலந்த தண்ணீர் மதகில் விழுந்து கலங்கும்போது நுரைக்கிறது.

சரி, ஆறு எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்வது? முக்கிய அளவுகோல் பிஓடி. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு அது. குளிக்கத் தகுந்த ஆற்றில் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து மாதிரிகளில் 4, 5, 5, 6, 40 என்று வருகிறது. சராசரி 12. வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 5. வழக்கமான நாளுக்கு 5 பொருந்தும். 12 எந்த நாளுக்குமே பொருந்தாது. யாரோ கழிவைத் திறந்துவிட்ட அந்த 40-ஐ இரண்டுமே காட்டாது. மாதம் ஒருமுறை, அதுவும் பகலில் மட்டும் மாதிரி எடுத்தால் 40 சிக்காமலே போகலாம்.

மழை வந்தால் இன்னொரு கூத்து. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் 1,000 லிட்டர் ஓடினால் 20 கிராம். வெள்ளத்தில் அது 5 மில்லிகிராமாகக் குறைந்து 6,000 லிட்டர் ஓடினால் 30 கிராம். ரிப்போர்ட்டில் ஆறு சுத்தமாகிவிட்டது. அணைக்கு வந்த கழிவோ கூடிவிட்டது. அணை நீரை நம்பிப் பயிர் வைக்கும் ஓசூர் விவசாயிக்கு அந்த 30 கிராம்தான் கணக்கு. அதனால் மாதிரி எடுக்கும்போதே நீரோட்டத்தையும் அளக்க வேண்டும், வர்த்தூரிலும் கெலவரப்பள்ளியிலும்.