பாதி வண்ணத்தில் நின்ற செடிகள்

கடற்கரை மணல்மேட்டில் ஒரு செடியைப் பறித்து வந்து பாருங்கள். சில மணி நேரத்தில் இலை சுருண்டு, பூவின் நிறமும் மாறத் தொடங்கும். ஒளிப்படம் இல்லாத காலத்தில் அந்த நிறத்தை எவ்வாறு பதிவு செய்தார்கள்?

1770 ஏப்ரல் இறுதியில் குக்கின் 'எண்டெவர்' கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்தது. தாவரவியலார் பாங்க்சும் சோலாண்டரும் சேகரித்தவற்றுள் மணற்கரையில் வளரும் கடற்கரை பாங்க்சியாவும் ஒன்று. அதன் இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெண்மை. வாடாதிருக்கச் செடிகளை ஈரத்துணியில் சுற்றித் தகரப் பெட்டிகளில் வைத்தார்கள். அவற்றை வரையும் பொறுப்போ சிட்னி பார்க்கின்சன் என்ற இளைஞருடையது. 14 நாட்களில் 94 படங்கள்! முழுவதும் வண்ணம் தீட்ட நேரம் ஏது? பென்சிலால் உருவத்தை வரைந்து, ஓர் இலைக்கும் ஒரு பூவுக்கும் மட்டும் நீர்வண்ணம் பூசி, எஞ்சிய நிறங்களைக் குறிப்பாக எழுதி வைத்தார். ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களிடம் நான் எதிர்பார்க்கும் பழக்கம் இதுதான்.

ஊர் திரும்பி முடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1771 ஜனவரியில், பட்டேவியாவிலிருந்து திரும்பும் வழியில், வயிற்றுக்கடுப்பால் கடலிலேயே இறந்தார். லண்டனில் வேறு ஓவியர்கள் அக்குறிப்புகளைக் கொண்டு படங்களை முடித்தார்கள். செப்புத் தகடுகளும் செதுக்கப்பட்டன. அவை முழுத் தொகுதியாக வண்ணத்தில் அச்சேறியது 1980–1990 ஆண்டுகளில்தான்.