அசோகமித்திரனின் புனைகதைகள்

அசோகமித்திரன் (செப்டம்பர் 22, 1931 – மார்ச் 23, 2017) தமிழின் முதன்மையான நடப்பியல் எழுத்தாளர்களுள் ஒருவர் ஆவார். இவரது இயற்பெயர் ஜ. தியாகராஜன். புதினம், சிறுகதை, குறுநாவல், கட்டுரை ஆகிய வகைகளில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். நகரத்தின் கீழ் நடுத்தர மக்களின் அன்றாட வாழ்வே இவரது புனைகதைகளின் முதன்மையான களம். பற்றாக்குறையையும் அவமானத்தையும் குரலை உயர்த்தாமல் பதிவு செய்வது இவரது எழுத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

பின்னணி

அன்றைய ஐதராபாத் சமத்தானத்தைச் சேர்ந்த செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை தொடர்வண்டித் துறையில் பணியாற்றியவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952-இல், தமது 21-ஆவது வயதில், குடும்பத்துடன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து 1966 வரை பணியாற்றினார். நாளிதழ்களில் வரும் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அங்கு அவரது வேலைகளுள் ஒன்று. பின்னாளில் கணையாழி இதழின் ஆசிரியப் பொறுப்பிலும் நெடுங்காலம் இருந்தார்.

செகந்திராபாத், திரைப்பட நிறுவனம், சென்னையின் குறுகலான தெருக்கள் ஆகிய மூன்றும் இவரது கதைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

எழுத்துமுறை

சிறு சிறு வாக்கியங்கள், பழகிய சொற்கள், உவமைகள் மிகக் குறைவு. பாத்திரம் என்ன செய்தது, என்ன சொன்னது என்பதோடு ஆசிரியர் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார். அழுகைக்குரிய இடத்தில் கதை வேறொரு சிறு செயலுக்குத் திரும்பிவிடும். இதனால் முதன்முறை படிப்பவருக்கு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. எதைச் சொல்லாமல் விட்டார் என்று கவனிக்கத் தொடங்கிய பின்னரே கதையின் கனம் தெரியவரும்.

ஒரே நகரத்தின் எளிய மனிதர்களைத் தொடர்ந்து எழுதிய வகையில், அயர்லாந்து எழுத்தாளர் சேம்சு சாய்சு டப்ளின் நகர மக்களைப் பற்றி எழுதி 1914-இல் வெளியான 15 சிறுகதைகளின் தொகுப்புடன் இவரது கதைகளை ஒப்பிட்டுப் படிக்கலாம். ஆனால் சாய்சின் கதைகளில் பாத்திரத்துக்குத் திடீரெனத் தன் நிலை விளங்கும் தருணம் ஒன்று வருவதுண்டு. அசோகமித்திரனின் பாத்திரங்களுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிடும், பேருந்து போய்விடும்.

தண்ணீர்

1973-இல் நூலாக வெளிவந்த தண்ணீர், இவரது புதினங்களுள் பரவலாகப் படிக்கப்பட்ட ஒன்று. (கோமல் சுவாமிநாதனின் தண்ணீர் தண்ணீர் நாடகமும், அதை ஒட்டி கே. பாலச்சந்தர் 1981-இல் இயக்கிய திரைப்படமும் வேறு. அவை வறண்ட சிற்றூர் ஒன்றைப் பற்றியவை. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு.)

சென்னையின் ஒரு தெருவில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. பெண்கள் குடங்களோடும் வாளிகளோடும் நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து வீடுவீடாக அலைகின்றனர். கைபம்பு உள்ள வீட்டாரின் தயவு தேவைப்படுகிறது. குழாய் பதிக்கத் தெரு தோண்டப்படுகிறது. இத்தெருவில் ஜமுனா, சாயா என்னும் சகோதரிகள் வசிக்கின்றனர். சாயாவின் கணவன் இராணுவத்தில் இருக்கிறான். ஜமுனா திரைப்படத்தில் நடிக்கும் ஆசையில் பாஸ்கர்ராவ் என்பவனை நம்பி ஏமாற்றப்படுகிறாள். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அவன் அவளைப் பிற ஆண்களிடம் அழைத்துச் செல்கிறான்.

உயிரை விடத் துணியும் ஜமுனாவை மீட்பவர் அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா. நோயாளியான முதிய கணவர், மாமியார், பள்ளி வேலை ஆகியவற்றுக்கிடையே அவரும் தண்ணீருக்கு நிற்க வேண்டியவரே. அவர் அறிவுரைகளை அடுக்குவதில்லை. தன் வாழ்க்கையைச் சொல்கிறார், அவ்வளவே. இறுதியில் ஜமுனா பாஸ்கர்ராவைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவள் அப்போது கருவுற்றிருக்கிறாள்.

தண்ணீரை ஒரு குறியீடாக மட்டும் விளக்கும் கட்டுரைகள் உண்டு. அவ்வாறு படிப்பது புதினத்தின் பாதியை இழப்பதாகும். இதில் வரும் தண்ணீர் முதலில் உண்மையான தண்ணீர்: சுமக்க வேண்டியது, சிந்திவிடக் கூடியது, சாக்கடை கலந்தால் நாறுவது. ஜமுனாவின் துயரத்துக்கு ஒதுக்க நேரமில்லாத அளவுக்கு அது அவளது நாளை விழுங்குகிறது. அதே தண்ணீர் வேலைதான் அவளைப் பிற மனிதர்களோடு பிணைத்து, மறுநாளும் எழச் செய்கிறது.

இப்புதினம் காட்டும் நிலை பழங்கதை அன்று. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று, திருப்பெரும்புதூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பரில் நிரம்பி, அதிலிருந்து திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் வெள்ளத்தைப் பெருக்கிய அதே ஏரி, 2019 கோடையில் ஏறத்தாழ முற்றிலும் வறண்டது. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு ஜமுனாவின் தெருவைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்பு தேவைப்படாது.

பிற புதினங்கள்

கரைந்த நிழல்கள் (1969) திரைப்படத் தொழிலைப் பற்றியது. நட்சத்திரங்களின் பளபளப்பை விட்டு, தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர், தயாரிப்பாளர் என்று திரைக்குப் பின்னால் உழைப்பவர்களையும் கடன்படுபவர்களையும் காட்டுகிறது. இதற்குத் தனியொரு கதைத்தலைவன் இல்லை. தொடக்கத்தில் முக்கியமாகத் தோன்றிய ஒருவர் காணாமல் போய், அவர் கதி பிறர் பேச்சின் வழியே மட்டும் தெரியவருகிறது.

18-ஆவது அட்சக்கோடு (1977) செகந்திராபாத்தைக் களமாகக் கொண்டது. 1947-க்குப் பின் ஐதராபாத் சமத்தானம் இந்தியாவுடன் இணையாதிருந்த மாதங்கள், ரசாக்கர்களின் வன்முறை, 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தது ஆகியவை சந்திரசேகரன் என்னும் கல்லூரி மாணவனின் பார்வையில் சொல்லப்படுகின்றன. கிரிக்கெட்டும் மிதிவண்டியும் வீட்டு வேலையுமாக இருக்கும் அவனது நாட்களுக்குள் வரலாறு மெல்ல நுழைகிறது. கலவரத்தின்போது ஒரு முசுலிம் வீட்டுக்குள் புகும் அவன் முன், தன் குடும்பத்தைக் காக்க ஓர் இளம்பெண் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வருகிறாள். வெற்றி பெற்ற தரப்பைச் சேர்ந்தவன் என்பதன் பொருள் அவனுக்கு அங்கே தெரிகிறது. பிரிவினைக் கால வன்முறையைப் பற்றிய இந்தியப் புதினங்களுடன் ஒன்றாக வைத்துப் படிக்கத்தக்கது.

ஒற்றன் (1985), அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1973–74-இல் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் நிகழ்ச்சியில் பெற்ற அனுபவங்களிலிருந்து உருவானது. நகைச்சுவை மிகுந்தது. ஆகாயத் தாமரை (1980), மானசரோவர் (1989) ஆகியவை பிற புதினங்கள்.

சிறுகதைகள்

இவரது சிறுகதைகளுள் அதிகம் பேசப்படுவது புலிக்கலைஞன். காதர் என்னும் ஏழைக் கலைஞன் திரைப்பட நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறான். புலிவேடம் கட்டி ஆடுவதே அவனுக்குத் தெரிந்த தொழில். புலித்தலையை அணிந்தவுடன் அறையிலிருந்தோர் நடுங்கும்படி பாய்ந்து காட்டுகிறான். வேடத்தைக் கழற்றியதும் கெஞ்சி அழும் மனிதனாகிவிடுகிறான். பிறகு அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கலாம் என்றாகி, கடிதம் அனுப்புகிறார்கள். அக்கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. அலுவலகத்தில் இருப்போர் எவரும் கொடியவர் அல்லர். அவர்களும் இருக்கும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களே. கதையின் வலி இங்குதான் உள்ளது.

ரிக்‌ஷா, ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கும் குழந்தையைத் தந்தை திருத்த முயல்வதைப் பற்றிய மிகச் சிறிய கதை. பிரயாணம் இவரது வழக்கமான களத்திலிருந்து விலகியது. மலைப்பகுதியில் குருவும் சீடனும் மேற்கொள்ளும் பயணமும், ஓநாய்களின் தாக்குதலும் அதில் வருகின்றன. நடப்பியல் என்ற சொல்லுக்குள் இவரை முற்றிலும் அடக்கிவிட முடியாது என்பதற்கு இக்கதை சான்று.

அப்பாவின் சிநேகிதர் என்னும் தொகுப்புக்காக 1996-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

திறனாய்வு

இவரது உலகம் நகர நடுத்தர வர்க்கத்தோடு சுருங்கிவிட்டது என்பதும், அநீதியைக் கண்டும் எழுத்தில் கோபம் இல்லை என்பதும் முக்கியமான குறைகளாகச் சொல்லப்படுகின்றன. முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதை ஏற்பது கடினம். ஜமுனா அழைத்துச் செல்லப்படும் விதத்தையும் காதரின் கடிதம் திரும்பி வருவதையும் படிப்பவருக்குக் கோபம் வராமல் இராது. அதை ஆசிரியர் தாமே செலவழித்துவிடாமல் வாசகருக்கு விட்டுவைக்கிறார்.

மொழிபெயர்ப்புகள்

தண்ணீர் புதினத்தை லட்சுமி ஓம்சுட்ராமும், 18-ஆவது அட்சக்கோடு புதினத்தைக் கோமதி நாராயணனும், ஒற்றன், மானசரோவர் ஆகியவற்றை என். கல்யாண் ராமனும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளனர். ஜெமினி ஸ்டூடியோ நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் இவர் நேரடியாக எழுதிய நினைவுக் குறிப்புகளின் ஒரு பகுதி, நடுவண் கல்வி வாரியத்தின் 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. அதைப் படித்த மாணவர்களுக்கு அடுத்ததாகக் கரைந்த நிழல்கள் பொருத்தமான தொடக்கமாக இருக்கும்.