காசும் கேஷும்

தமிழ் விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் செய்தி ஒன்று உண்டு: ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’ போட்ட பிச்சை. கைதட்டலும் பலமாக விழும். அகராதியைப் புரட்டினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

ஆக்ஸ்போர்டு அகராதி கேஷ் என்ற பெயர்ச்சொல்லை இரு தனிச் சொற்களாக வைத்திருக்கிறது. கடையில் ‘கேஷா, கார்டா?’ என்கிறார்களே, அது முதலாவது. பெட்டியைக் குறித்த ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல், இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது. பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளிருந்த பணத்துக்கே ஆகிவிட்டது. ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கும் மளிகைக்காரரும் பெட்டியையா கேட்கிறார்?

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. போர்ச்சுக்கீசியர் காசைக் ‘காய்ஷா’ என்றனர்; அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயரும் தம்மிடம் ஏற்கெனவே இருந்த கேஷின் சாயலில் அதை எழுதிக்கொண்டனர். சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் வந்து இந்தக் கணக்கை முடித்தது. சீனத்தின் சதுரத் துளைச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் இதே பெயரைச் சூட்டினர். சீனர் அப்படி அழைத்ததில்லை.

இலக்கணத்திலும் இரண்டும் வேறு. முதல் கேஷை எண்ண முடியாது, இரண்டாவதை எண்ணலாம். கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பர்மிங்காமில் அடித்த 1803ஆம் ஆண்டுச் செப்பு நாணயமே சாட்சி. ஒருபுறம் கும்பினியின் சின்னம். மறுபுறம் ரோமன் எண்ணில் ‘இருபது கேஷ்’. அதற்கு மேலே, இருபது காசு நான்கு பலூஸ் என்று பாரசீக எழுத்து. ஒரே வட்டத்தில் காசு இருமுறை வருகிறது, தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாமல்!

இத்தனைக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு என்பது பொன் நாணயம். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டில்கூடக் காசுக்கு இடமுண்டு. அப்படி வாழ்ந்த சொல், கும்பினிக் கணக்கில் கடைசிச் சல்லியாய்த் தேய்ந்தது.

வங்கியில் ‘கேஷியர்’ என்பவர் வேர்ப்பொருளில் பெட்டிக்காரர். நாம் ‘காசாளர்’ என்றோம். ஒலியும் பொருந்தியது, பொருளும் பொருந்தியது. வேர் மட்டும் வேறு. நல்ல சொல்லாக்கம்தான், இருக்கட்டும். மேடையேறும் அன்பர்கள் மட்டும் இனி ‘இரண்டாவது கேஷ்’ என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும்.