வாசலில் மலை, வழியில் துணை: டார்ட்மத்தும் யூட்டாவும்

அமெரிக்காவில் கல்லூரி தேடும் மாணவர்களில் ஒரு சாரார் பாடத்திட்டத்தோடு மலையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நான்கு குளிர்காலங்களை எங்கே கழிக்கப்போகிறோம் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி. அது நியாயமான கேள்விதான். பதினெட்டு வயதில் பழகிய பனிச்சறுக்கும் மலைநடையும் அறுபது வயதிலும் கூட வரும். உடம்பும் மனமும் திடமாக இருந்தால் படிப்பும் நன்றாக ஓடும்.

ஆனால் அந்தத் தேடல் பெரும்பாலும் இரண்டு எண்களோடு முடிந்துவிடுகிறது: ஆண்டுக்கு எத்தனை அங்குலம் பனி, வளாகத்திலிருந்து எத்தனை மைல். கண்ணெதிரே பெரிய மலை நின்றும் ஒரு பருவம் முழுக்க அங்கே போகாத மாணவர் உண்டு. சிறு குன்றை வைத்துக்கொண்டு வாரந்தோறும் சறுக்குபவரும் உண்டு. இந்த வேறுபாட்டை எண்கள் காட்டுவதில்லை. இதைத் தெளிவாகப் பார்க்கக் கிழக்கிலிருந்து டார்ட்மத் கல்லூரியையும் மேற்கிலிருந்து யூட்டா பல்கலைக்கழகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பனிச்சறுக்கில் இரண்டுக்கும் பெரிய பெயர் உண்டு. அந்தப் பெயரை அவை சம்பாதித்த வழிகள் வேறு.

இரண்டு நிலங்கள்

டார்ட்மத் 1769இல் தொடங்கப்பட்ட கல்லூரி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருக்கும் ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது. இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ 4,500 பேர். ஊரும் கல்லூரியும் ஒன்றோடொன்று கலந்தவை. சுற்றிலும் காடு மூடிய பழைய மலைகள். அவற்றில் கல்லூரியோடு நெருங்கிய மூசிலாக் மலையின் உச்சி 4,802 அடி.

யூட்டா பல்கலைக்கழகம் 1850இல் தொடங்கியது. சால்ட் லேக் சிட்டியின் கிழக்கு விளிம்பில், வாசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. மூசிலாக்கின் உச்சி எட்டும் உயரத்தில் இங்கே வகுப்பறைகளே இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் மலைகள் 11,000 அடியைத் தொடுகின்றன. 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா இந்த வளாகத்து விளையாட்டரங்கில்தான் நடந்தது. வீரர்கள் தங்கியதும் இங்குள்ள மாணவர் விடுதிகளில்தான். 2034இல் ஒலிம்பிக் மறுபடியும் இங்கே வருகிறது.

உயரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதானால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

பனியின் குணம்

ஆல்டா, ஸ்னோபேர்ட் ஆகிய சறுக்குத்தலங்கள் இருக்கும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 500 அங்குலம் அளவில் பனி பொழிகிறது. 2022-23 பருவத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் பதிவானது. அது அங்கே சாதனை அளவு. யூட்டா பனியின் புகழுக்குப் பக்கத்திலுள்ள பெரிய உப்பு ஏரியே காரணம் என்று ஊரில் சொல்வார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் பேராசிரியர் ஜிம் ஸ்டீன்பர்க் இந்த நம்பிக்கையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஏரியின் பங்கு உண்டு, ஆனால் சிறியது என்பது அவர் முடிவு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைத்தொடர் மேலே தள்ளுவதே பொழிவுக்கு முதல் காரணம். அங்கே புயல்கள் பல நேரம் கனமான பனியோடு தொடங்கி, குளிர் ஏற ஏற இலேசான பனியைக் கொட்டி முடிகின்றன. அடியில் தாங்கும் பனி, மேலே மிதக்கவிடும் பனி. சறுக்குபவர்கள் ‘பவுடர்’ என்று கொண்டாடும் அனுபவம் இந்த அடுக்கிலிருந்து பிறக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் கதை நேர்மாறு. மலைகள் தாழ்வானவை, கடற்காற்றும் வட துருவக் குளிரும் மாறிமாறி வந்துபோகும். ஜனவரியில் ஒரு வாரம் கடுங்குளிர், மறுவாரம் மழை, பிறகு மறுபடி உறைவு. நனைந்த பனி இறுகிக் கல்லாகிவிடும். இயற்கைப் பனியை மட்டும் நம்ப முடியாததால் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்களை வைத்தே பருவத்தைக் காப்பாற்றுகிறார்கள். வெப்பம் கூடிவரும் காலத்தில் இந்தக் கவலை இன்னும் வளரும்.

ஆனால் இறுகிய பனிக்கும் ஒரு பயன் உண்டு. மலைச்சறுக்குப் பந்தயத் தடங்களை உலகெங்கும் கெட்டியான பரப்பில்தான் அமைக்கிறார்கள். ஸ்கீ என்ற சறுக்குப்பலகையின் விளிம்பைச் சரியாகப் பதித்துத் திரும்பத் தெரியாதவர் கிழக்குப் பனியில் நிற்கவே முடியாது. அங்கே கற்றவருக்கு எந்தப் பனியும் பழகிவிடும். மேற்கின் பவுடரில் மட்டும் பழகியவருக்கு முதல் பனிக்கட்டிச் சரிவு திகைப்பூட்டும். மகிழ்ச்சிக்கு யூட்டா, பயிற்சிக்கு நியூ ஹாம்ப்ஷயர் என்றால் அது ஓரளவுக்குச் சரி.

போகும் வழி

டார்ட்மத்துக்குச் சொந்தமாகவே ஒரு சறுக்குத்தலம் இருக்கிறது. 1956இல் திறந்த டார்ட்மத் ஸ்கீவே, வளாகத்திலிருந்து 20-25 நிமிடப் பயணம். இரண்டு குன்றுகள், ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான இறக்கம். பெரிய தலங்களோடு பார்த்தால் சிறியது. ஆனால் காலையில் வகுப்பை முடித்து, மதியம் சறுக்கி, மாலையில் நூலகத்துக்குத் திரும்பிவிடலாம். பனியில் நடந்துசெல்வது போன்ற நீள்தூரச் சறுக்குக்கு ஊரை ஒட்டியே ஓக் ஹில் இருக்கிறது. பெரிய மலை வேண்டுமானால் வெர்மான்ட்டின் கில்லிங்டன் சுமார் ஒரு மணி நேரத் தொலைவு.

யூட்டாவில் நான்கு பெரிய தலங்கள் இரண்டு பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன: ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட். சாலை தெளிவாக இருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் அடையலாம். மலைக்கு அப்பால் பார்க் சிட்டியும் டியர் வேலியும். ஸ்னோபேர்டில் 3,200 அடிக்கு மேல் இறக்கம் உண்டு. ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டு வைத்திருப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஆல்டாவிலும் டியர் வேலியிலும் அதற்கு அனுமதி இல்லை.

சிக்கல் ‘சாலை தெளிவாக இருந்தால்’ என்ற சொற்களில் இருக்கிறது. லிட்டில் காட்டன்வுட் சாலைக்கு மேலே அறுபதுக்கும் அதிகமான பனிச்சரிவுப் பாதைகள் உள்ளன. கனத்த பொழிவுக்குப் பிறகு சாலையை மூடி, வெடிவைத்துப் பனியைத் தள்ளிவிட்ட பின்னரே திறப்பார்கள். நல்ல பனி விழுந்த காலையில் நகரம் முழுவதும் அதே இரண்டு பள்ளத்தாக்குகளை நோக்கிக் கிளம்பும். அந்த வரிசையில் மணிக்கணக்கில் நிற்க நேரும். நெரிசலைக் குறைக்க ஒரு கேபிள் கார்த் திட்டத்தை மாநிலம் 2023இல் தேர்ந்தெடுத்தது. அதற்கு எதிர்ப்பும் வழக்குகளும் உண்டு. மாணவர் அடையாள அட்டையே நகரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் பயணச்சீட்டாகிறது. குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளுக்குச் சறுக்குப் பேருந்துகளும் ஓடுகின்றன. கார் இல்லாமலும் போகலாம், ஆனால் திட்டமிட்டுப் போக வேண்டும்.

யாரோடு போகிறோம்?

இரண்டு இடங்களும் மிகத் தெளிவாகப் பிரிவது இங்கேதான். 1909இல் ஃப்ரெட் ஹாரிஸ் என்ற டார்ட்மத் மாணவர், குளிர்காலத்தில் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் சக மாணவர்களை வெளியே இழுக்க ஒரு சங்கம் அமைக்க முனைந்தார். அதுவே டார்ட்மத் அவுட்டிங் கிளப். அமெரிக்கக் கல்லூரிகளின் வெளிப்புறச் சங்கங்களில் மிகப் பழையது. 1911இல் குளிர்காலத் திருவிழா தொடங்கியது. 1935இல் ஓக் ஹில்லில் நாட்டின் முதல் மேல்கம்பி லிஃப்ட் ஓடியது. புதிதாகச் சேரும் மாணவர்களை வகுப்பு தொடங்கும் முன்பே காட்டுக்கு அழைத்துப்போகும் பயண வழக்கமும் அந்த ஆண்டில் தோன்றியதே.

மாணவர்களை இந்தச் சங்கம் விருந்தாளிகளாக வைத்திருப்பதில்லை. மரக்குடில்களைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அவர்களே. ஊரின் முதன்மைத் தெரு வழியாகவே செல்லும் அப்பலாச்சியன் நெடுநடைப் பாதையில் 50 மைலுக்கு மேல் பராமரிப்பவர்களும் அவர்களே. ஸ்கீவேயில் அடிபட்டவருக்கு முதலுதவி செய்ய ஓடிவரும் ரோந்துப் படையிலும் பயிற்சி பெற்ற மாணவர்கள் இருக்கிறார்கள். சறுக்கு வகுப்பு உடற்பயிற்சிப் பாடங்களில் ஒன்று. ஹானோவரில் பனியை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்கு ஸ்கீயைக் கடன் கொடுக்கவும், விழும்போது கை கொடுக்கவும், மறுவாரம் மறுபடி அழைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேலாக ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றி வந்த பழக்கம் இது.

யூட்டாவில் மலை நகரத்தின் பொதுச்சொத்து. மாணவர் அதில் பல்லாயிரம் பேரில் ஒருவர். பல்கலைக்கழகத்தின் வெளிப்புறப் பிரிவு கருவிகளை வாடகைக்குத் தருகிறது, பயணங்களையும் நடத்துகிறது. ஆனால் பெரும்பாலானோர் சீசன் பாஸ் வாங்கித் தாங்களாகவே நண்பர் குழு சேர்த்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சுதந்திரம் பெரும் பேறு. தெரியாதவருக்கு முதல் அடி சற்றுத் தயக்கமானது. சறுக்குத்தலங்களின் எல்லைக்கு வெளியே, ரோந்து இல்லாத சரிவுகளுக்குப் போக நினைப்பவர் பனிச்சரிவுப் பயிற்சி பெறாமல் போகவே கூடாது. 2021 பிப்ரவரியில் மில்கிரீக் பள்ளத்தாக்கில் ஒரே பனிச்சரிவில் நால்வர் உயிரிழந்தனர். அனுபவசாலிகளையும் அந்த மலை மன்னிப்பதில்லை.

போட்டி அளவில் இரண்டுமே உயர்ந்தவை. யூட்டா அணி 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியக் கல்லூரிச் சாம்பியன் ஆனது. டார்ட்மத் கடைசியாக வென்றது 2007இல். ஆனால் ஒலிம்பிக்குக்கு அது அனுப்பிய வீரர்களின் வரிசை நீண்டது. இரண்டு இடங்களையும் இணைக்கும் ஒரு வாழ்க்கையும் உண்டு: டார்ட்மத்தில் படித்து 1936 ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட டிக் டுரான்ஸ், 1940களின் தொடக்கத்தில் ஆல்டாவுக்குப் போய்ச் சறுக்குப் பள்ளி நடத்தினார்.

நாட்காட்டியும் நான்கு பருவங்களும்

டார்ட்மத்தில் ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் பத்து வாரம். நடு ஆண்டுகளில் ஒரு குளிர்காலப் பருவத்தை விடுப்பாக எடுக்கலாம். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை நீண்ட விடுமுறையும் உண்டு. பதிலுக்குப் பத்து வாரப் பாடம் மூச்சுவிடாமல் ஓடும். யூட்டாவில் வழக்கமான இரண்டு செமஸ்டர்கள்தாம்; ஆனால் சறுக்குப் பருவம் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, ஸ்னோபேர்டில் பல ஆண்டுகளில் மே வரையும் நீள்கிறது. வகுப்புகளை இரண்டு மூன்று நாட்களில் அடக்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு வார நாட்களில் மலை காலியாகக் கிடைக்கும்.

குளிர்காலத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹானோவரில் டிசம்பரில் நாலேகால் மணிக்கே இருட்டத் தொடங்கும். சால்ட் லேக் சிட்டியில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, புகையும் அதோடு சேர்ந்து நாட்கணக்கில் நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

பனி உருகிய பிறகு டார்ட்மத்துக்கு ஆறும் படகும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1807இல் கல்லூரிக்கு வழங்கிய 27,000 ஏக்கர் காடும் இருக்கின்றன. யூட்டாவுக்கு வளாகத்தின் பின்னாலேயே தொடங்கும் மலைப்பாதையும், காரில் சில மணி நேரத்தில் எட்டக்கூடிய ஐந்து தேசியப் பூங்காக்களும் இருக்கின்றன. விரிவில் யூட்டாவை எதுவும் நெருங்காது.

சேர்க்கையும் செலவும்

இந்த ஒப்பீட்டில் மிகக் கசப்பான பகுதி இதுதான். டார்ட்மத்தில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கே இடம் கிடைக்கிறது. யூட்டாவில் பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. டார்ட்மத்தின் அறிவித்த முழுச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல். ஆனால் அது குடும்பத்தின் பணநிலையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்கிறது. 2022 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இந்த விதி பொருந்துகிறது. தேவைக்கேற்ற உதவியும் தாராளம். யூட்டாவில் வெளிமாநிலத்தவர் கல்விக் கட்டணம் மட்டுமே 30,000 டாலரைத் தாண்டும்; வெளிநாட்டு மாணவருக்கு உதவி குறைவு. ஆகவே இந்தியாவிலிருந்து இளநிலைக்குப் போகும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு, இடம் கிடைக்குமானால், டார்ட்மத் மலிவாக முடியவும் கூடும். யூட்டா மாநிலத்திலேயே குடியிருப்பவருக்கு யூட்டா மலிவு. எந்த நிலையிலும் எடுக்கப்போகும் பாடத்துக்கு நல்ல துறை இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

யாருக்கு எது?

சறுக்கில் தேர்ந்தவர், தன்னந்தனியாகத் திட்டமிடத் தெரிந்தவர், நகர வாழ்க்கையும் வேண்டும் என்பவர் யூட்டாவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பனிக்கு ஈடு கிழக்கில் இல்லை. பனியைத் தொட்டே அறியாதவர், சிற்றூரில் நெருக்கமான கூட்டத்தோடு வளர விரும்புபவர் டார்ட்மத் போன்ற இடத்தைத் தேடட்டும். டார்ட்மத் கிடைக்காவிட்டால், மாணவர் சங்கம் வலுவாக இருக்கும் வேறு கல்லூரிகள் நியூ இங்கிலாந்தில் உண்டு; வெர்மான்ட்டின் மிடில்பரிக்கும் சொந்தச் சறுக்குத்தலம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், புதியவருக்குப் பனியின் ஆழத்தைவிடக் கூட்டத்தின் கைதான் பெரிது. தெரிந்தவர் எந்த மலையையும் தேடிப் போய்விடுவார். தெரியாதவரை மலைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஒரு கல்லூரி செய்யக்கூடிய வேலை. எனவே எந்த வளாகத்தைப் பார்க்கப் போனாலும் அங்குள்ள மாணவர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இங்கே சேரும்போது சறுக்கத் தெரியாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது சறுக்குகிறார்கள்?” தயங்காமல், பெயர் சொல்லி, தங்களையே காட்டிப் பதில் சொல்பவர்கள் இருக்கும் கல்லூரிக்கு மலை உண்மையிலேயே பக்கத்தில்தான் இருக்கிறது.