மேற்குச் சாளரமும் அஸர் வெயிலும்

வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்பெறும் சூரத்துல் கஹ்பில் குகைத் தோழர்கள் துயின்ற இடத்தைப் பற்றிய ஒரு செய்தி வருகிறது. ஞாயிறு எழும்போது அவர்களுடைய குகைக்கு வலப்புறமாகச் சாய்ந்தது. மறையும்போது இடப்புறமாக விலகிச் சென்றது. அவர்களோ குகையின் விசாலமான பகுதியில் இருந்தனர் என்று 17ஆம் வசனம் கூறுகிறது. இதனை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்றும் அவ்வசனமே உரைக்கிறது. குகையின் வாயில் வடதிசை நோக்கியிருந்தது என்பது இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தரும் விளக்கம். வாயில் திறந்திருந்தது, வெயில் மட்டும் மேனியைத் தீண்டவில்லை. வெப்ப நாட்டில் வீடு கட்டுவோர் யாவரும் நாடும் பேறு இதுவேயன்றோ?

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு இப்பேறு எளிதில் கிட்டுவதில்லை. இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10.8 டிகிரியில் அமைந்துள்ளது. ஏப்ரல் நடுவில் நண்பகல் ஞாயிறு நம் தலைக்கு நேர்மேலே வந்து, பின்னர் வடக்கே சென்று, ஆகஸ்ட் மாதத்தின் நான்காம் வாரத்தில் மீண்டும் தலைக்கு நேரே வந்து, தெற்கே திரும்புகிறது. ஆகவே வடக்குச் சாளரமும் ஆண்டில் நான்கு மாதங்கள் வெயிலுக்குத் தப்புவதில்லை. ஆயினும் வடக்கிலும் தெற்கிலும் நண்பகல் ஞாயிறு உயரத்தில் நிற்பதால் சாளரத்தின் மேலுள்ள சிறிய கூரைநீட்டமே அதனைத் தடுத்துவிடும். உண்மையான சோதனை மேற்கில்தான்.

அச்சோதனையின் அளவை அறிய நமக்குத் தனிக் கருவி தேவையில்லை. தொழுகை நேரங்களே போதும். நண்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் நீளத்தை அடையும்போது அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாபிஈ மத்ஹப். நிழல் இருமடங்காகும்போது தொடங்குகிறது என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. திருச்சியில் ஏப்ரல் நடுவில் நண்பகல் நிழலே இராது. எனவே அந்நாளில் ஏறத்தாழ மாலை 3.20 மணிக்கு, ஷாபிஈ அஸரின்போது, ஞாயிறு 45 டிகிரி உயரத்தில் நிற்கும்; ஏறத்தாழ 4.35 மணிக்கு, ஹனபி அஸரின்போது, 27 டிகிரிக்குச் சற்றே குறைவான உயரத்திற்கு இறங்கிவிடும்.

நான்கு அடி உயரமுள்ள மேற்குச் சாளரத்தின் மேல் இரண்டடி நீட்டிய சிமெண்டுத் தாழ்வாரம் இருப்பதாகக் கொள்வோம். ஷாபிஈ அஸரில் அது மேல் இரண்டடிக்கு மட்டுமே நிழல் தரும். ஹனபி அஸரில் ஓரடிக்கே தரும். எஞ்சிய மூன்றடி வழியே வெயில் அறைக்குள் பாயும். அதன்பின்னும் மஃரிபுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உண்டு. மேலே நீட்டும் கூரையால் மேற்கு வெயிலை வெல்ல முடியாது என்பதும், சாளரத்தின் முன்னே நெடுக்காகத் தொங்கும் ஒரு திரை வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

அப்படியாயின் மேற்குப் பக்கத்தைச் சுவரால் அடைத்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் விரைந்து வரும் காற்று, காவிரிக் கரையோரமாகத் திருச்சிக்கும் திருவரங்கத்திற்கும் மேற்கிலிருந்தே வந்து சேர்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இம்மண்ணின் அனுபவம். துன்பம் வரும் திசையும் இன்பம் வரும் திசையும் இவ்வூரில் ஒன்றே. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் திரையே இங்கு வேண்டப்படுவது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குச் சொற்களே சான்று. இன்று நாம் வழங்கும் ஜன்னல் என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. மற்றொரு பெயர் பலகணி. பல கண்களை உடையது என்பது பொருள். மானின் கண்போன்ற துளைகள் அமைந்த காலதரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. தமிழனின் சாளரம் ஒரு பெரிய திறப்பாக இராமல் சிறுசிறு துளைகளின் தொகுதியாக இருந்தது என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

திருவரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி இல்லங்களைப் பாருங்கள். ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க இடமில்லை. முன்புறமும் பின்புறமும் நடு முற்றமும்தாம் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் வழி. மதில்களைச் சூழ்ந்து வீதிகள் சதுரமாக ஓடுவதால், கீழை வீதியிலும் மேலை வீதியிலும் உள்ள வீடுகள் காலை வெயிலையோ மாலை வெயிலையோ நேருக்கு நேர் ஏற்க வேண்டியவை. திண்ணைக்கு மேல் தாழ இறங்கிய ஓட்டுக்கூரையும், அதன் விளிம்பில் கட்டிய மூங்கில் தட்டியும் அவ்வீடுகளின் காவல். நத்தர்வலி (ரஹ்) அவர்களின் தர்காவைச் சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்த நம் மக்களும் இதே மூங்கிலையும் கோரையையும்தான் நாடினர். மதம் வேறாயினும் வெயில் ஒன்றே.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் கைவண்ணத்தையும் நினைக்க வேண்டும். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பட்டுப்போன்ற பாய் நெய்து புகழ் பெற்றவர்கள் லெப்பை முஸ்லிம்கள். காவிரிக் கரையில் முசிறிப் பகுதியிலும் கோரை விளைந்து பாயாகிறது. தரையில் விரித்தால் படுக்கை; வாசலில் தொங்கவிட்டால் திரை.

இஸ்லாமிய உலகெங்கும் இக்கலை பலவாறு வளர்ந்தது. கெய்ரோ நகரில் 1648இல் கட்டப்பட்ட பைத்துஸ் ஸுஹைமி என்னும் மாளிகையில், கடைந்த மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த மஷ்ரபிய்யா சாளரங்களை இன்றும் காணலாம். பருகுதல் என்னும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். மண்குடங்களை அங்கே வைத்துக் காற்றில் நீரைக் குளிர்வித்தனர். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் பத்ஹி (1900-1989) இச்சாளரத்தின் பயன்களை விரிவாக ஆராய்ந்தவர். கண்மட்டத்தில் துளைகள் நெருக்கமாக இருப்பதால் கண் கூசுவதில்லை. மேலே துளைகள் அகன்றிருப்பதால் காற்றும் ஒளியும் குறைவதில்லை என்று அவர் விளக்கினார். அகமதாபாத்தில் 1572-73இல் அபிசீனியரான ஸிதி ஸையித் கட்டிய பள்ளிவாசலின் கல் ஜாலிகளும் இவ்வினத்தவையே. அக்பர், மூங்கில் சட்டங்களில் வாசவேரை நிரப்பி நீர் தெளிக்கும் முறையைக் கையாண்டதை அபுல் பஸ்ல் தம் ஆயினே அக்பரியில் பதிவு செய்துள்ளார்.

அவ்வேரே நம் வெட்டிவேர். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அத்தமிழ்ப் பெயரையே தம் மொழிகளில் ஏற்றுக்கொண்டனர். பாளையங்களில் வாழ்ந்த வெள்ளையர்கள் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி, அவற்றை நனைப்பதற்கென்றே ஆள் வைத்தனர். திருச்சி வெயிலின் கடுமையை அவர்கள் நன்கறிந்திருந்தனர். கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் இவ்வூரில் வெப்பத்தில் களைத்து வந்து, குளிர்ந்த நீரில் இறங்கியபோது உயிர் நீத்தார். அவருடைய உடல் இங்குள்ள புனித ஜான் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

வெள்ளையர் வீட்டுத் தட்டியைப் பற்றி எண்ணும்போது ஒன்றை மறக்கலாகாது. உள்ளே இருந்தவர் குளிர்ந்தார். வெளியே நின்று நீர் இறைத்தவர் வெயிலில் நின்றார்.

இதனையொத்த ஒரு கேள்வி நம் வீடுகளிலும் உண்டு. சாளரத் திரைக்கு நம்மிடையே மற்றுமொரு பணி இருந்துவந்துள்ளது, அது கோஷா. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெறுமாறு சூரத்துந் நூர் பணிக்கிறது. பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்கும் பெண்களுக்கும் கட்டளையிடுகிறது. இல்லத்தின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மஷ்ரபிய்யாவும் மூங்கில் தட்டியும் அதனைக் காத்தன, காற்றையும் தந்தன. பகலில் வெளியே வெளிச்சமும் உள்ளே நிழலும் இருப்பதால், உள்ளிருப்போர் வெளியே காணலாம். வெளியிலுள்ளோர் உள்ளே காண இயலாது.

சிமெண்டு வீடும் கண்ணாடிச் சாளரமும் வந்தபின் நாம் செய்தது என்ன? கண்ணாடியை மூடி, அதன் உட்புறத்தில் கனத்த துணியைத் தொங்கவிட்டோம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறிய பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தை வெளியே விடாது. உட்புறத் திரை வெயிலை ஏற்கும்போது வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மேற்குச் செங்கற்சுவரோ பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இஷாவுக்குப் பின்னும் உமிழ்கிறது. இவ்வறையில் நெடுநேரம் இருப்பவர்கள் யார்? வீட்டுப் பெண்களும் முதியோரும் பச்சிளங்குழந்தைகளும்தாம். 40 டிகிரியை எட்டும் மே மாத நாளில் மறைப்பின் பெயரால் அவர்களுக்குக் காற்றை மறுப்பது மார்க்கம் கேட்ட காரியமன்று. மறைப்பு வேறு, அடைப்பு வேறு.

இன்று கடைகளில் வெயில் தடுக்கும் வலைத்துணித் திரைகள் சுருட்டி ஏற்றும் வகையில் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் பூசிய இழைகளால் நெய்த இவற்றில் 1, 3, 5, 10 விழுக்காடு என்று துளையளவு குறிக்கப்பட்டிருக்கும். கடுமையான மேற்கு வெயிலுக்குக் குறைந்த துளையளவு ஏற்றது; ஆனால் துளை குறையுந்தோறும் காற்றும் குறையும். வெளிர் நிறம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும்; கரு நிறம் கண்கூச்சத்தைக் குறைத்து வெளிக்காட்சியைத் தெளிவாக்கும். எதுவாயினும் கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுவதே சிறப்பு. இரவில் உள்ளே விளக்கெரிந்தால் இத்திரை அந்தரங்கம் காவாது. அப்போது உள்ளே ஒரு மெல்லிய துணித்திரை வேண்டும். பொருள் செலவிட இயலாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. மூங்கில் தட்டியோ கோரைப் பாயோ வெளிப்புறத்தில் தொங்கினால் அதே கடமையைச் செய்யும்; ஒரு நெசவாளியின் அடுப்பும் எரியும். வறண்ட மேற்குக் காற்று வீசும் நாள்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்தால் குளிர்ச்சியும் நறுமணமும் சேரும்.

படைத்தவற்றிலிருந்து உங்களுக்கு நிழல்களை ஏற்படுத்தினான் என்று சூரத்துந் நஹ்லின் 81ஆம் வசனம் இறைவனின் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுகிறது. நிழலும் ஓர் அருட்கொடையாயின், அதனை வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிட்டளிப்பது வீட்டுத் தலைவரின் பொறுப்பாகும். வரும் கோடைக்கு முன், ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும், நம் வீட்டின் மேற்கு அறையில் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போம். அங்கே அன்றாடம் அமர்ந்திருப்பவரின் நிலை அப்போது நமக்குப் புரியும்.