புனித வீரனும் அவனுடைய செயலும்

சென்ற பெருநாள் விடுமுறையில் நம்முடைய பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். கணினித் தொழிலில் இருப்பவர். நண்பர்கள் நால்வரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி விளையாடும் ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். அதில் அவர் ஏற்றிருந்த வேடம் ‘பலடின்’ என்னும் புனித வீரன். அவ்வீரன் குகையொன்றில் கோப்ளின் எனப்படும் குட்டிப் பூத இனத்தார் சிலரைச் சிறைபிடித்து, கைகள் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே வெட்டி வீழ்த்தினானாம். ஆட்டத்தை நடத்திய நண்பர் உடனே, “உன் வீரன் புனிதத்தை இழந்துவிட்டான், இனி அவன் வெறும் வாள்வீரனே” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

“ஹஜ்ரத், அந்த இனம் தீய இனம் என்று ஆட்ட நூலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தீயவர்களைக் கொன்றது எப்படித் தீமையாகும்?” என்று கேட்டார்.

விளையாட்டைப் பற்றிய வினாத்தானே என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பலடின் என்னும் அச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. அது வீரனின் இடமன்று. குகையில் கட்டுண்டு கிடந்தவர்களின் இடம்.

‘பலாட்டினுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே பலடின் ஆயிற்று. அரண்மனையைச் சார்ந்தவன் என்பது அதன் பொருள். புனிதம் என்னும் கருத்து அதில் இல்லை. பிராங்கிய மன்னர் சார்லமேனின் அவை வீரர்களாகப் பிற்காலக் கதைகள் போற்றிய பன்னிருவருக்கு அது பட்டமாக வழங்கிற்று. அவர்களுள் தலையாயவன் ரோலண்டு.

நடந்த வரலாறு இது. 777இல் பார்சிலோனாப் பகுதியின் ஆட்சியாளர் சுலைமான் அல்-அஃராபி, சார்லமேன் தங்கியிருந்த பாடர்போர்ன் நகருக்கே சென்று, குர்துபாவின் உமையா அமீர் முதலாம் அப்துர் ரஹ்மானுக்கு எதிராக உதவி கோரினார். அவ்வழைப்பை ஏற்று 778இல் சார்லமேன் ஸ்பெயினுக்குள் புகுந்தார். ஆனால் சரகோசா நகரம் அவருக்குக் கதவு திறக்கவில்லை. திரும்பும் வழியில் பாஸ்க் மக்களின் பம்பலோனா நகர மதில்களை அவர் இடித்துத் தள்ளினார். பின்னர்ப் பிரனீஸ் மலைக் கணவாயில் அவருடைய பின்படை தாக்குண்டு அழிந்தது. ரோலண்டும் அங்கே மாண்டான். தாக்கியவர்கள் பாஸ்க் மக்களே என்று சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டு குறிக்கிறார். அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீரோ, சுலைமானைச் சார்லமேன் கைதியாகக் கொண்டுசென்றபோது அவருடைய புதல்வர்கள் மத்ரூஹும் அய்ஷூனும் படையைத் தாக்கித் தந்தையை மீட்டனர் என்று எழுதுகிறார்.

முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவர் கிறிஸ்தவ மன்னரை அழைக்கிறார். மற்றொரு முஸ்லிம் நகரம் அவருக்குக் கதவடைக்கிறது. நடுவே பாஸ்க் மக்களின் மதில் இடிபடுகிறது. இந்நிகழ்ச்சியில் நன்மைக்கு ஓர் அணி, தீமைக்கு ஓர் அணி என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், முதலாம் சிலுவைப் போரின் காலத்தையொட்டிப் பிரெஞ்சு மொழியில் உருவான ‘ரோலண்டின் பாடல்’ அவ்வாறு பிரித்துக் காட்டிவிட்டது. அதில் பாஸ்க் மக்கள் மறைந்துபோயினர், தாக்கியவர்கள் முஸ்லிம்களாயினர். ஓரிறைக் கொள்கையே உயிராகக் கொண்ட அவர்கள், மூன்று தெய்வச் சிலைகளை வணங்குவதாகவும் சித்திரிக்கப்பட்டனர். எதிரணி வீரன் ஒருவனின் வீரத்தைப் புலவர் வியக்கிறார். கிறிஸ்தவனாக இல்லையே என்று மட்டும் இரங்குகிறார். பாடலின் இறுதியில் சரகோசா வீழ்கிறது. மதம் மாற மறுத்தோர் கொல்லப்படுகின்றனர். அதற்காக எந்த வீரனின் பட்டமும் பறிபோகவில்லை. எந்த அணியில் நிற்கிறான் என்பதே அங்கு ஒருவனை நல்லவனாக்கப் போதுமானதாயிருந்தது.

சிலுவைப் போர்க் காலத்து மனிதர்கள் எல்லாரும் அப்படியே வாழ்ந்தனர் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1095இல் பிறந்த சிரியத் தலைவர் உஸாமா இப்னு முன்கித் தம் ‘கிதாபுல் இஃதிபார்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சிலுவைப் போர் வீரர்களின் ஆட்சியிலிருந்த பைத்துல் முகத்தஸில், டெம்ப்ளர் துறவு வீரர்கள் அவர் தொழுவதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவன் அவரைப் பற்றி இழுத்துக் கிழக்கு முகமாகத் திருப்பியபோது, அந்த வீரர்களே அவனை அப்புறப்படுத்தி, அவரிடம் மன்னிப்பும் கேட்டனர். அவர்களைத் தம் நண்பர்கள் என்றே உஸாமா குறிப்பிடுகிறார்.

இனி, மாணவர் சொன்ன ஆட்டத்துக்கு வருவோம். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் அவ்வாட்டத்தை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர். கதைமாந்தர் ஒவ்வொருவரும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்று சார்புகளுள் ஒன்றைக் கொள்ள வேண்டும் என்பது அதன் அன்றைய விதி. 1961இல் நூலாக வந்த போல் ஆண்டர்சனின் ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ நாவலில் இக்கருத்துக்கு வேர் உண்டு. அதன் நாயகன் சார்லமேனின் வீரர்களுள் ஒருவனான ஓஜியர். ரோலண்டின் பாடலுக்கு மாறாக, கராஹூ என்னும் முஸ்லிம் வீரர் அங்கே அவனுக்குத் தோழராக வருகிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

1975இல் வந்த துணை நூல் பலடினை ஆட்டத்தில் சேர்த்தது. அடுத்த ஆண்டே கைகாக்ஸ், ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்று ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ஒழுங்குள்ள கொடுங்கோலன் உண்டு. ஒழுங்குக்கு அடங்காத நல்லவனும் உண்டு. 1978இன் கையேட்டில் இவ்விரண்டு அளவுகோல்களும் பெருகி ஒன்பது சார்புகளாயின. பலடினுக்கு அவற்றுள் ஒன்றே உரியது: ஒழுங்கும் நன்மையும் ஒருங்கே பொருந்திய சார்பு. கையால் தொட்டுப் புண் ஆற்றும் வரம் அவனுக்கு உண்டு. வருவாயில் பத்தில் ஒரு பங்கை அவன் கொடுத்துவிட வேண்டும். ஒழுங்கை மீறினால் சமய குருவிடம் அறிக்கையிட்டுக் கழுவாய் செய்யலாம். அறிந்தே தீமை செய்தால் பட்டம் அக்கணமே போய்விடும், மீண்டும் வாராது.

ரோலண்டின் பாடலில் இல்லாத விதி இது. வீரன் எந்த அணியினன் என்று கேளாமல், என்ன செய்தான் என்று இவ்விதி கேட்கிறது. தவ்பாவின் கதவையே அடைத்த கடுமை அதில் இருந்தது என்பதும் உண்மையே. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு கழுவாய் செய்து மீள வழி திறந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பு சார்பு நிபந்தனையையே நீக்கி, வீரன் தானாக ஏற்கும் சபதத்தை அந்த இடத்தில் வைத்தது.

ஆனால் வீரனுக்கு வழங்கிய நீதியை அவனுடைய எதிரிக்கு இவ்வாட்டம் வழங்கவில்லை. 1977இல் வந்த பூதங்களின் நூல், கோப்ளின் இனத்துக்கும் ஓர்க் இனத்துக்கும் ‘ஒழுங்குள்ள தீமை’ என்று இனத்தோடு சேர்த்தே முத்திரை குத்திற்று. பழைய பாடலின் பழக்கம் அங்கே விடாமல் தொடர்ந்தது. 2020இல்தான், ஓர்க் முதலிய இனங்களைக் கொடியவராகவே சித்திரித்த முறை, உலகில் மெய்யான மக்களினங்களை இழிவுபடுத்திய முறையை ஒத்திருந்ததைப் பதிப்பகத்தார் ஒப்புக்கொண்டு, மாற்றிக்கொள்வதாக அறிவித்தனர்.

ஆகவே மாணவரிடம் நாம் சொன்னது இதுதான்: “தம்பி, அந்த நூல் கோப்ளினைப் பிறப்பைக் கொண்டு அளக்கிறது, உன்னைச் செயலைக் கொண்டு அளக்கிறது. உன் நண்பர் இரண்டாவது அளவையைக் கொண்டு தீர்ப்புச் சொன்னார். அதுவே சரி. முகத்தில் உமிழ்ந்த பகைவன்மீது ஓங்கிய வாளை, இனி வெட்டினால் அது தம் கோபத்துக்காக வெட்டியதாகும் என்று ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் தாழ்த்திய வரலாற்றை மௌலானா ரூமி மஸ்னவியில் சொல்வதை நீ நம்மிடம் ஓதியிருக்கிறாய். எதிரே நின்றவன் யார் என்பதை அன்று அவர்கள் பார்க்கவில்லை; தம் நிய்யத்தையே பார்த்தார்கள். ‘அந்த இனமே தீய இனம்’ என்று ஒரு நூல் சொல்லும்போது, அதே சொல்லை நம்மைப் பற்றியும் ஒரு பாடல் சொன்னது என்பதை நினைத்துக்கொள்.”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த வீரனைக் கைவிட்டுவிட்டு வேறு வேடம் எடுக்கலாம் என்று எண்ணியிருந்ததாகவும், இனி அவனையே கழுவாய் தேட அனுப்பப் போவதாகவும் சொன்னார். முதலில் அந்தக் குகைக்கே திரும்பிச் சென்று, இறந்தவர்களை அடக்கம் செய்யட்டும் என்றோம்.