ஐன்ஸ்டீனின் தட்டும் பைப்பும்

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிவயிற்றுப் பெருந்தமனி 4.1 செ.மீ. அளவுக்கு வீங்கியிருப்பதாக வந்த அன்று, அம்மா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இவரு என்னென்ன சாப்பிடக் கூடாதுங்க?" வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பரண் ஏறின. நான் வழக்கம்போல வரலாற்றுக்குள் போனேன். அங்கே இதே நோயோடு ஆறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்த ஒருவர் இருந்தார். ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

பத்தியச் சாப்பாடு அவருக்குப் புதிதல்ல. 1917இல் பெர்லினில் வயிற்று நோயால் எடை குறைந்து படுத்தபோது, சமைத்துப்போட்டுத் தேற்றியவர் எல்சா. 1928இல் இதயக் கோளாறு வந்தபோது டாக்டர் யானோஷ் ப்ளெஷ் உப்பை நிறுத்தச் சொன்னார்.

1948 டிசம்பரில், தீராத வயிற்று வலிக்காக புரூக்ளினில் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிஸ்ஸன் கண்டது, பெருந்தமனியில் ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிய வீக்கம். அதை வெட்டி மாற்றும் வழி அன்று கிடையாது. நிஸ்ஸன் அதன் மேல் செல்லோஃபேன் தாளைச் சுற்றினார். ஆமாம், மிட்டாய் சுற்றுகிற அதே வகைத் தாள். அந்நியப் பொருளைக் கண்டதும் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும். குழாயின் சுவர் கெட்டிப்படும் என்பது கணக்கு.

1954இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், கொழுப்பும் மீனும் இறைச்சியும் இல்லாமல் நன்றாகவே இருப்பதாகச் சொன்னார் ஐன்ஸ்டீன். ஆனால் 1950இல், மான்ட்ரியல் பைப் புகைப்போர் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் பதவியை ஏற்றுக்கொண்டவரும் இவரேதான்!

இங்கேதான் எனக்கு உறைத்தது. வீங்கிய பெருந்தமனியைச் சுருக்கும் உணவு எதுவும் இல்லை. உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையும். கொழுப்பைக் குறைத்தால் இதயத்துக்கும் மற்ற ரத்தக்குழாய்களுக்கும் நல்லது. அதெல்லாம் அவசியம்தான். ஆனால் இந்த நோயை வரவழைப்பதிலும் வளர்ப்பதிலும் முதல் குற்றவாளி புகையிலை.

1955 ஏப்ரலில் வீக்கம் கிழிந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது. 1951லேயே பாரிஸில் சார்ல் துபோ, வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியைப் பொருத்திக் காட்டிவிட்டார். நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்க் க்ளென் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். செயற்கையாக ஆயுளை நீட்டிக்க வேண்டாம் என்று ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அதிகாலை, பிரின்ஸ்டன் மருத்துவமனையில் காலமானார். வயது 76.

அது அவர் முடிவு. அப்பாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. அவருடைய வீக்கம் சின்னது, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்றிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அம்மா உப்பில்லாத ரசத்தை ஊற்றினாள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "சும்மா தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று சட்டையை மாட்டினார். பாக்கெட்டில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது.

"இருங்கப்பா, நானும் வரேன்" என்றேன்.